பாட்டிமார் பெஞ்சு

வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். மனத்துக்கு ஜுரம் வந்தால்? "எல்லாம் சரியாகப் போய்விடும், வேலையைப் பார்" என்று சொல்லிவிடுகிறோம். ஆப்பிரிக்காவில், ஜிம்பாப்வே நாட்டில், இந்த வழக்கத்தை மாற்றியவர்கள் யார் தெரியுமா, சகோதரிகளே? பாட்டிமார்!

அவர்களுக்குத் துணை நின்றவர் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்ற மனநோய் நிபுணர். 2005-ஆம் ஆண்டில் அவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஒரு யுவதி தற்கொலை செய்துகொண்டாள். ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று தாயாரைக் கேட்டார். பஸ்ஸுக்கு வேண்டிய 15 டாலர் கையில் இல்லை என்றாள் அந்தத் தாய்.

டாக்டர் கலங்கிப் போனார். படிப்பும் மருந்தும் அவரிடம் இருந்தன. நோயாளி இருக்கும் இடத்துக்குத்தான் அவை போய்ச் சேரவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு அப்போது இருந்த மனநோய் டாக்டர்கள் ஒரு டஜன் பேர் அளவில்தான்!

அதே ஆண்டில் அரசாங்கம் நகரங்களில் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியிருந்தது. தலைநகர் ஹராரேயில், ம்பாரே என்ற பேட்டையில் பலர் வீடிழந்து மனம் உடைந்து கிடந்தார்கள். அங்கே உதவ, நர்ஸுகளுக்கு ஓய்வில்லை. உட்கார்ந்து பேச அறையும் இல்லை. கிடைத்தவர்கள், சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமார். 2006-இல் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வெளியே பெஞ்சு போட்டார் டாக்டர்.

முதலில் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர். யார் வந்து உட்காருவார்கள்? பாட்டிமார்தான் 'சிநேக பெஞ்சு' என்று மாற்றச் சொன்னார்கள். டாக்டர்களின் வார்த்தைகளும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மனச்சோர்வுக்கு ஷோனா பாஷையில் 'குஃபுங்கிசிசா' என்ற சொல் உண்டு. ஓயாமல் யோசித்து யோசித்து மாய்வது என்று பொருள். பாட்டிமார் அதையே சொன்னார்கள். ஜனங்களுக்கும் அது புரிந்தது.

பெஞ்சில் என்ன நடக்கிறது? முதலில் 14 கேள்விகள். பிறகு பாட்டி காது கொடுத்துக் கேட்கிறாள். வந்தவள் தன் கஷ்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதற்குத் தானே ஒரு வழி தேடுகிறாள். அடுத்த முறை, "என்ன ஆயிற்று, அம்மா?" என்று பாட்டி விசாரிக்கிறாள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறாள். பிறகு, தேறி வந்தவர்கள் ஒன்றுகூடிப் பேசிக்கொண்டே பைகள் பின்னுகிறார்கள். அதில் நாலு காசும் கிடைக்கிறது!

பலன் உண்டா? 573 பேரை வைத்துச் செய்த பரீட்சையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களிலோ 14 பேருக்குத்தான்!

மருந்து வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்து, பேச்சு, துணை, பிழைக்க ஒரு வழி எல்லாம் சேர்ந்ததுதான் வைத்தியம்.

உங்கள் வீட்டு நாட்டுப்பெண்ணோ, அடுத்த வீட்டு அக்காவோ சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருக்கிறாளா? உபதேசம் செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னாளானால், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.