கோலார் தங்கவயல் ஆழ்சுரங்கத்தில் கருங்கல் சுவர்: பொறியியலும் பணி மேலாண்மையும்

முன்னுரை

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில், 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் வருகையால் பெருமளவிலான சுரங்கப் பணி தொடங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. தரைக்கு அடியில் உழைத்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர். அவ்வாழத்தில் அகழ்வதும் கட்டுவதும் பிரிக்க இயலாத பணிகளாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாறையின் சுமை

3,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் 8,000 டன்னுக்கு மேற்பட்ட பாறை அழுத்துகிறது. தாது வெட்டியெடுக்கப்பட்டதும், அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. கடினமான பாறை வளைந்து கொடுப்பதில்லை. தாங்கும் எல்லை கடந்ததும் திடீரெனச் சிதறுகிறது. இதுவே பாறை வெடிப்பு. மரத்தாங்கிகள் வெகுவாக நசுங்கிய பின்னரே சுமையை ஏற்கும். கருங்கல் சுவரோ குறைவாக நசுங்கி விரைவில் சுமை ஏற்பதால், வெற்றிடம் நெருங்கி மூடுவதை மட்டுப்படுத்துகிறது. ஆகவே வெட்டியெடுத்த இடங்களில் கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினர். பிற்காலத்தில் கான்கிரீட்டும் பயன்பட்டது.

பணி வரிசை

வெட்டுமுகம் முன்னேற, சுவர் அதன் பின்னாலேயே தொடர வேண்டும். சுவர் பின்தங்கினால் தாங்கலற்ற இடைவெளி அகலும். எதிரெதிர்த் திசைகளில் வெட்டி வந்தால், இடையே எஞ்சும் பாறை ஒடுங்கி, சுமை முழுவதும் அதில் குவியும். எனவே எப்பகுதியை முதலில் வெட்டுவது என்ற முடிவே உயிர்காப்பு முடிவாகவும் அமைந்தது. தாது மேலேறும் குழிகளின் வழியாகவே ஆட்களும் கட்டுமானப் பொருள்களும் இறங்கினர். சுவருக்கான கல்லை இறக்கும் நேரம், தாது ஏற்றும் நேரத்திலிருந்து கழிந்தது. உற்பத்தியும் பாதுகாப்பும் மோதிய இடம் இதுவே.

நிறைவுரை

சுவர்கள் ஆபத்தைக் குறைத்தன, நீக்கவில்லை. பாறை வெடிப்புகளில் தொழிலாளர் உயிரிழப்பது தொடர்ந்தது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே அமைக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றதால் ஆழ்பகுதிகளில் நீர் நிறைந்தது. அச்சுவர்களை இனி நேரில் ஆராய இயலாது. கல் அடுக்கும் முறை, பாறையின் ஒலியைக் கேட்டு ஆபத்தை உணரும் அறிவு, அவற்றுக்குரிய தமிழ்த் தொழிற்சொற்கள் ஆகியவை எஞ்சியுள்ள தொழிலாளரின் நினைவிலேயே தேடப்பட வேண்டும். அத்தலைமுறை முதுமையடைந்துவிட்டதால், வாய்மொழிப் பதிவு காலந்தாழ்த்தக் கூடாத ஆய்வுப் பணியாகிறது.