கடலில் விழுந்த விமானம் எப்படிக் கூப்பிடும்?

திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்திருக்கிறீர்களா? அமலி நகரிலிருந்தும் ஆலந்தலையிலிருந்தும் கிளம்பும் படகுகள் சிறிது நேரத்தில் புள்ளியாகித் தொடுவானத்தில் மறைந்துவிடும். கரையில் நிற்பவரின் கண் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அவர் பார்வை எட்டும் தூரம் நாலரை கிலோமீட்டருக்கும் குறைவுதான். பூமி உருண்டையாக இருப்பதே காரணம். அதற்கப்பால் ஒருவர் தத்தளித்தால் நம் கண்ணும் எட்டாது. அவர் குரலும் எட்டாது.

ஒருநாள் வகுப்பில் ரேடியோ அலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மீனவக் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க அப்பா போட்ல ஆபத்துக்கு அமுக்குற பெட்டி ஒண்ணு இருக்கு. அதை அமுக்கினா யாருக்குக் கேக்கும் சார்?" என்றான். நல்ல கேள்வி. படகுக்கு மட்டுமல்ல, வானத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கும் இதே கேள்விதான். விமானத்தின் கதையை முதலில் பார்த்துவிட்டு, அவன் அப்பாவின் படகுக்கு வருவோம்.

நீங்கள்தான் விமானச் சொந்தக்காரர்!

உங்களிடம் நான்கு பேர் அமரும் சிறு விமானம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கிளம்பி, திருச்செந்தூர், மணப்பாடு வழியே கடலோரமாகக் குமரி முனைக்குப் போகிறீர்கள். வழியில் எந்திரம் நின்று விமானம் விழுந்துவிட்டால் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? "செல்போன் இருக்கிறதே!" என்பீர்கள். கரையைவிட்டு வெகுதூரம் போய்விட்டால் கோபுரத்தின் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே இதற்கென்றே ஒரு கருவி வேண்டும். அதை வாங்கும்முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதை முடுக்குவது யார்? எந்த இடம் என்று அது எவ்வளவு சரியாகச் சொல்லும்? அதைக் கேட்டுக்கொண்டிருப்பது யார்?

முடுக்குவது யார்?

1972 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் அலாஸ்காவில் ஒரு சிறு விமானம் காணாமற் போயிற்று. ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் என்னும் இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள். 39 நாட்கள் தேடினார்கள். இன்றுவரை அந்த விமானம் கிடைக்கவில்லை. விமானியிடம் கையில் எடுத்துச் செல்லும் அபாய அறிவிப்புக் கருவி ஒன்று இருந்தது. பின்னர் அது வேறொரு விமானத்துக்குள் இருந்தது தெரியவந்தது! கையில் எடுத்துச் செல்லும் பொருளை மறந்துவிட்டுப் போகவும் முடியும் அல்லவா?

அதனால்தான் விமானத்தின் உடலிலேயே பொருத்தப்படும் 'அவசர இடங்காட்டிக் கருவி' சிறந்தது என்கிறார்கள். இதைச் சுருக்கமாக இ.எல்.டி. என்பார்கள். இதனுள் ஒரு விசை உண்டு. விமானம் மோதி, அதன் வேகம் திடீரென்று குறைந்தால் அந்த விசை தானே மூடிக்கொள்ளும். பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? நியூட்டனின் அதே நிலைமம்தான் இங்கே விசையை மூடுகிறது. விமானி மயங்கிக் கிடந்தாலும் கருவி கூப்பிடத் தொடங்கும். கடுங்குளிரிலும் 24 மணி நேரம் கூப்பிடும்.

ஆனால் இதற்கும் குறை உண்டு. மோதலில் ஆன்டெனாக் கம்பி அறுந்தாலோ, விமானம் கவிழ்ந்து ஆன்டெனா அடியில் சிக்கினாலோ, நெருப்புப் பிடித்தாலோ கருவி ஊமையாகிவிடும். உலகைப் பலூனில் தனியே சுற்றி வந்த ஸ்டீவ் ஃபாஸெட், 2007 செப்டம்பர் 3 அன்று ஒரு சிறு விமானத்தில் அமெரிக்காவின் நெவாடாவிலிருந்து கிளம்பினார். விமானத்தில் இடங்காட்டிக் கருவி இருந்தது. ஆயினும் ஒரு சமிக்ஞையும் வரவில்லை. ஓராண்டுக்குப் பிறகு, 2008 அக்டோபரில்தான் மலைச்சரிவில் சிதைவுகள் கிடைத்தன.

எனவே ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. சட்டைப்பையில் அடங்கும் 'ஆள் இடங்காட்டி' ஒன்றும் விமானியின் உடலோடு இருக்க வேண்டும். இதைக் கையால்தான் முடுக்க வேண்டும். இருக்கையின் கீழே பெட்டியில் வைத்தால் அலாஸ்காக் கதைதான்!

எந்த இடம்?

பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வெறும் ஊளைச் சத்தத்தை மட்டும் அனுப்பின. யார் கூப்பிடுகிறார் என்று அதில் தெரியாது. செயற்கைக்கோள்கள் அந்த அதிர்வெண்ணைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் நாள் நிறுத்திவிட்டார்கள். இன்றைய கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி நேரம், 5 வாட் ஆற்றலில் ஒரு செய்தியை மேலே அனுப்பும். இரவில் எரியும் சிறு விளக்கின் ஆற்றல்தான் அது! கூடவே மெல்லிய 121.5 சமிக்ஞையும் ஒலிக்கும். அருகில் வந்துவிட்ட மீட்பு விமானம் அதைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து சேரும்.

செயற்கைக்கோள் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெல்லை - திருச்செந்தூர்ப் பாதையில் ரெயில்வே கேட் அருகே நின்றிருக்கிறீர்களா? ஊதிக்கொண்டே வரும் ரெயில் நம்மைக் கடந்ததும் அதன் ஊதல் சட்டென்று தணிகிறது. இதுவே டாப்ளர் விளைவு. விநாடிக்கு 7.4 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் செயற்கைக்கோளுக்கும் கருவியின் அதிர்வெண் இப்படியே மாறிக் கேட்கும். கணக்கிட்டுப் பாருங்கள். 7.4-ஐ ஒளியின் வேகமான 3,00,000-ஆல் வகுத்து, 406 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் சுமார் 10,000 ஹெர்ட்ஸ் வருகிறது. செயற்கைக்கோள் கருவியை நோக்கி நேராக வராமல் சாய்வாக வருவதால் மாற்றம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அதிர்வெண் எந்தக் கணத்தில், எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதைக் கொண்டு கருவியின் இடத்தைக் கணக்கிடலாம்.

இந்த முறையில் உலகுக்கே உதவும் கோஸ்பாஸ் - சர்சாட் திட்டத்தைச் சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் சேர்ந்து அமைத்தன. பகைமை நிலவிய காலத்திலும் இந்த ஒரு காரியத்தில் கைகோத்தார்கள். 1982 ஜூனில் அதன் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரிலேயே, காணாமற்போன ஒரு விமானத்தைத் தேடிச் சென்று கனடாவின் மலைக்காட்டில் தாமே விழுந்துவிட்ட மூவரை அது காப்பாற்றியது. இப்போது ஜி.பி.எஸ். போன்ற இடங்காட்டும் செயற்கைக்கோள்களும் இந்தப் பணியைச் சேர்த்தே செய்கின்றன. ஒரே நேரத்தில் பல கோள்கள் கேட்பதால், ஒன்று தலைக்கு மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி ஒரு சிறு கணக்கு. உங்கள் விமானம் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 3 கிலோமீட்டர் வீதம் பறக்கிறது. போகும்போதே இடத்தை அறிவித்துக்கொண்டு போகும் 'வழித்தடங்காட்டி' ஒன்றும் கடையில் கிடைக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இடத்தைச் சொன்னால், கடைசிச் செய்திக்குப் பிறகு நீங்கள் 30 கிலோமீட்டர் வரை போயிருக்கலாம். எத்திசையில் திரும்பினீர்கள் என்பது தெரியாது. ஆகவே தேட வேண்டியது 30 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். வட்டத்தின் பரப்பை எளிதில் கணக்கிடுவீர்கள்.

பத்து நிமிட வழித்தடங்காட்டி: 2,826 சதுர கிலோமீட்டர்.
இரண்டு நிமிட வழித்தடங்காட்டி: 113 சதுர கிலோமீட்டர்.
பழைய 121.5 கருவி (பிழை 20 கிலோமீட்டர் என்று கொண்டால்): 1,256 சதுர கிலோமீட்டர்.
406 கருவி, டாப்ளர் முறை (பிழை 5 கிலோமீட்டர்): 78.5 சதுர கிலோமீட்டர்.
ஜி.பி.எஸ். உள்ள 406 கருவி (பிழை 100 மீட்டர்): 0.03 சதுர கிலோமீட்டர்.

முதலாவதற்கும் கடைசிக்கும் தொண்ணூறாயிரம் மடங்கு வேறுபாடு! அலையில் மிதக்கும் மனிதத் தலை, மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தேங்காய் போலத்தான் தெரியும். அதைத் தேடும் விமானிக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள். எனவே 406 கருவியிலும் ஜி.பி.எஸ். உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படியானால் வழித்தடங்காட்டி வீணா? இல்லை. மோதலில் இ.எல்.டி. ஊமையாகிவிட்டால், அதற்கு முன்பே அனுப்பிய தடம் மிச்சமிருக்கும். ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். தடத்தைக் கரையில் ஒருவர் கவனிக்கவும் வேண்டும். மற்றொன்று: அயல்நாடுகளில் விற்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் பலவற்றை நம் நாட்டில் அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். மாமா அனுப்பினார் என்று வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்!

நீருக்குள் போய்விட்டால்?

கடலுக்கு மேலே பறப்பவருக்கு இன்னோர் ஆபத்து உண்டு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே 406 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரிரு சென்டிமீட்டர் கடல்நீரைக் கடப்பதற்குள்ளேயே ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும். இடங்காட்டிக் கருவியோடு விமானம் மூழ்கினால் அதன் குரல் மேலே வரவே வராது.

நீருக்குள் ஒலிதான் தூரம் போகும். அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். எனவே பெரிய விமானங்களின் கறுப்புப் பெட்டியோடு 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும் நீரடி ஒலிகாட்டியைப் பொருத்துகிறார்கள். 2015 ஜூன் 8 அன்று இரவு, கடலோரக் காவற்படையின் டார்னியர் விமானம் மூன்று பேருடன் நம் தமிழ்நாட்டுக் கடலில் மறைந்தது. அதன் ஒலிகாட்டியின் ஓசையைக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு, ஜூலையில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிச் சென்ற விமானப் படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக்கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் பயனில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில்தான், சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா ஆழ்கடல் ஊர்தி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிந்தன. அத்தனை ஆண்டுகளும் 29 குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

ஒலிகாட்டி உயிரைக் காப்பாற்றுவதில்லை, சிதைவைத்தான் காட்டும். மூழ்குமுன் வெளியே வந்தவரை, மிதக்கும் ஆள் இடங்காட்டிதான் காப்பாற்றும். உடுத்தியிருக்கும் மிதவைச் சட்டையிலேயே அதைக் கட்டி வைக்கச் சொல்வது இதனால்தான்.

கேட்பது யார்?

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். 406 கருவியின் செய்தியில் பெரும்பாலும் 15 இலக்கக் குறியெண் ஒன்று இருக்கும். அதில் எந்த நாடு என்பதும் அடங்கியிருக்கும். இந்தியாவின் எண் 419. செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரிலுள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்துக்கு வரும். அங்கே பதிவேட்டில் உங்கள் பெயரும், விமானத்தின் அடையாளமும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தால், உடனே விசாரித்து மீட்புப் படைக்குச் சொல்லலாம். கைதவறி முடுக்கியதாக இருந்தால் ஒரே தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். பதிவு செய்யாத கருவி, முகவரி எழுதாத கடிதம் போன்றது.

மீனவர் படகில் இருக்கும் பெட்டியும் இஸ்ரோ உருவாக்கியதே. 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் கடலில் உள்ளன. பொத்தானை அமுக்கினால் செய்தி செயற்கைக்கோள் வழியே மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவற்படைக்குச் சேரும். ஆனால் பழைய கருவி பதில் சொல்லாது. அமுக்கியவருக்குத் தம் குரல் கேட்டதா என்பது தெரியாது. 2017 நவம்பர் 30 அன்று குமரிமுனை அருகே ஒக்கிப் புயல் வீசியபோது, நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஆழ்கடலில் சிக்கித் திரும்பாமலே போனார்கள். அப்படிப்பட்ட இருட்டில் "கேட்டுவிட்டோம்" என்னும் ஒரு சொல் எவ்வளவு தெம்பு தரும்! 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி இந்தப் பதிலைத் தருகிறது. நம் நாட்டின் நாவிக் அமைப்பைக் கொண்டு இடத்தை அறிகிறது. கரையிலிருந்து புயல் எச்சரிக்கையையும் பெறுகிறது.

எனவே விமானம் வாங்கும் நாள் வந்தால் இப்படித் தேர்ந்தெடுங்கள். ஜி.பி.எஸ். உள்ள 406 மெகாஹெர்ட்ஸ் இ.எல்.டி. ஒன்று விமானத்தில், மிதக்கும் ஆள் இடங்காட்டி ஒன்று உடலில், கைப்பணம் மிஞ்சினால், அனுமதி பெற்ற வழித்தடங்காட்டி. மூன்றையும் உங்கள் பெயரில் பதிவு செய்து, பாட்டரி காலாவதியாகும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

விமானம் இல்லாவிட்டால் என்ன? உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கடலுக்குப் போகிறவர் இருப்பார். இன்று மாலை அவரிடம் கேளுங்கள்: "பெட்டியில் பாட்டரி சரியாக இருக்கிறதா? பதிவிலுள்ள பெயரும் தொலைபேசி எண்ணும் இப்போதைய எண்கள்தானா?" கடலோரக் காவற்படையின் இலவச எண் 1554 என்பதையும் வீட்டில் அனைவரும் அறியும்படி எழுதி ஒட்டுங்கள். அந்த மாணவன் மறுநாளே போய்ப் பார்த்தான். பெட்டியிலிருந்த பதிவு, படகை முன்பு வைத்திருந்தவரின் பெயரில் இருந்தது. அதை மாற்ற அன்றே அப்பாவும் மகனும் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள்.