முதலில் தூய்மை, பிறகு நறுமணம்

திருச்சானூர் அருள்மிகு பத்மாவதி தாயார் திருக்கோயிலில் ஆண்டுதோறும் கார்த்திகைப் பிரம்மோற்சவம் தொடங்குவதற்கு முன்னர் 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' நடைபெறுவதை இப்பகுதி வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். அன்று சில மணி நேரம் தரிசனம் நிறுத்தப்பட்டு, சன்னிதி, சுவர்கள், மேற்கூரை, பூசைப் பாத்திரங்கள் ஆகிய அனைத்தும் நீரால் தூய்மை செய்யப்படுகின்றன. அதன் பின்னரே நாமக்கட்டி, திருச்சூர்ணம், கஸ்தூரி மஞ்சள், பச்சிலை, கட்டிக் கற்பூரம், சந்தனப் பொடி, குங்குமம், கிச்சிலிக்கிழங்கு ஆகியவை கலந்த 'பரிமளம்' எங்கும் தெளிக்கப்படுகிறது.

இவ்வரிசை நம் இல்லங்களுக்கும் பொருந்தும். அழுக்கை நீக்குவது ஒரு பணி. மணமூட்டுவது வேறு பணி. கடையில் வாங்கும் திரவத்தின் மணத்தையே தூய்மை என்று நாம் பல வேளைகளில் எண்ணிவிடுகிறோம். அழுக்கை நீக்கும் பொருள்கள் பல, நம் அடுக்களையிலேயே உள்ளன. எந்த அழுக்குக்கு எப்பொருள் என்பதை அறிந்துகொண்டால் போதும்.

புளிப்புப் பொருள்கள்

செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் கறுப்பதும் பச்சை பிடிப்பதும், உலோகம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாகும் படிவத்தால். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் அப்படிவத்தைக் கரைக்கின்றன. எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துத் தேய்த்து, சில நிமிடங்களில் கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் மீண்டும் கறுக்கும். வெள்ளிப் பொருள்களின் கருமை கந்தகச் சேர்மத்தால் உண்டாவது. அதற்குப் புளி உதவாது. மென்மையான திருநீற்றை நனைத்து மெல்லத் தேய்ப்பதே நலம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய்களில் படியவிடும் வெள்ளை உப்புக் கறைக்கும் புளிப்பே மருந்து. வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த துணியைக் குழாயின் மீது அரை மணி நேரம் சுற்றி வைத்துப் பின்னர்க் கழுவலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நம் பகுதி வீடுகளில் பெரிதும் பயன்படும் கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சார்ந்தது. சலவைக்கல்லும் அவ்வாறே. இவற்றின் மீது புளிப்புப் பட்டால் பளபளப்பு அழிந்து நிலையான தழும்பு விழும்.

காரப் பொருள்கள்

அடுப்படிச் சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடா ஏற்றது. இரண்டு தேக்கரண்டி சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடங்கள் கழித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் இட்டுத் திறந்து வைத்தால் குளிர்சாதனப் பெட்டியின் வாடையும் குறையும். அலுமினியப் பாத்திரங்களில் மட்டும் இதனை ஊறவிடலாகாது, அவை கறுத்துவிடும்.

நுரை தரும் பொருள்கள்

தெலுங்கில் 'குங்குடுகாய்' எனப்படும் பூந்திக்கொட்டையில் சபோனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் உள்ளது. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் விதையை நீக்கி, அரை லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் வடிகட்ட வேண்டும். பாத்திரம், தரை, பட்டுத்துணி ஆகியவற்றுக்கு இந்நீர் பயன்படும். இது விரைவில் புளித்துக் கெடுமாதலால், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

கலக்கக் கூடாதவை

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும் நுரையைக் கண்டு பலர் அதனைப் பெரும் ஆற்றல் என எண்ணுகின்றனர். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரே தொகையை வரவிலும் பற்றிலும் எழுதினால் கணக்கில் இருப்பு மாறாததைப் போன்றதே இது. எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீரே. அக்கலவையைப் பாட்டிலில் அடைத்து மூடினால், வாயுவின் அழுத்தத்தால் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. ஒரு பண்டிகைக்கு முன்னர் எங்கள் இல்லத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிய குளியலறைத் தரையைக் கழுவாமலே, கழிப்பறைக்கான ஆசிட்டை ஊற்றிவிட்டோம். நொடிப்பொழுதில் மூக்கையும் தொண்டையையும் அடைக்கும் நெடி எழுந்தது. இருமியபடியே அனைவரும் முற்றத்திற்கு ஓடினோம். வயது முதிர்ந்த எங்கள் தாயாருக்கு மூச்சு சீராக நெடுநேரமாயிற்று. அன்று எழுந்தது குளோரின் நச்சுவாயு என்பதைப் பிறகே உணர்ந்தோம். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் மட்டுமன்று, வினிகரும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தாலும் இவ்வாயு உண்டாகும். 'இயற்கைப் பொருள்தானே' என்னும் அலட்சியம் இங்கே ஆபத்து. தவறி நேர்ந்தால், உடனே திறந்த வெளிக்குச் சென்று, மூச்சுத் திணறல் இருப்பின் மருத்துவரை நாட வேண்டும்.

ஓர் எல்லையையும் குறிப்பிட வேண்டும். அடுக்களைப் பொருள்கள் அழுக்கை நீக்குமேயன்றி, நோய்க்கிருமிகளை முற்றிலும் அழிப்பவை அல்ல. வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கு போன்ற தொற்று இருப்பின், தக்க கிருமிநாசினியை உறையிலுள்ள குறிப்பின்படி தனியே பயன்படுத்துவதே முறை. வீட்டில் தயாரித்த எதனையும் குடிநீர், குளிர்பானப் பாட்டில்களில் ஊற்றி வைக்கலாகாது. பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த பண்டிகைக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது, ஓர் அழுக்குக்கு ஒரு பொருள் எனத் தேர்ந்து, அதனை நீரால் முழுதும் கழுவிய பின்னரே அடுத்ததைக் கையிலெடுங்கள். தரை உலர்ந்தபின் சிறிது மஞ்சள்நீர் தெளித்து, சாம்பிராணி காட்டுங்கள். திருக்கோயிலிலும் நறுமணம் இறுதியில்தான் வருகிறது.