"உங்களுக்குப் புரியாது" என்கிறாரா கடைக்காரர்?

பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் மடிக்கணினி வாங்கப் பட்டணத்துக் கடைக்குப் போகும் பெற்றோர் பலர், சில நிமிடங்களிலேயே வாயடைத்துப் போகிறார்கள். ரேம், எஸ்எஸ்டி, பிராசசர் என்று விற்பனையாளர் அடுக்குவார். விளக்கம் கேட்டால், "ஆன்ட்டி, சொன்னாலும் உங்களுக்குப் புரியாது, இதுதான் நல்லது" என்பார். தாயார் கேட்ட கேள்விக்கு உடன் வந்த மகனைப் பார்த்துப் பதில் சொல்வார். படிக்கப் போவதோ பக்கத்தில் நிற்கும் மகள்!

இந்த இளக்காரத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று, மாதக்கணக்கில் சேர்த்த பணத்தை அவசரமாக எண்ணிக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. வைரஸ் தடுப்பு மென்பொருள், 'செட்-அப்' கட்டணம் எல்லாம் ரசீதில் ஏறுவது அந்த அவசரத்தில்தான். விண்டோஸ் 11 கணினியில் வைரஸ் தடுப்பு இலவசமாகவே உள்ளது.

கணினியைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும் என்பதில்லை. எதற்கு வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். "கட்டுரை எழுத, இணைய வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும்; 2,000 ரிங்கிட்டுக்கு மேல் முடியாது" என்று மலாயிலேயே சொல்லலாம். மகளும், "பயன்படுத்தப் போவது நான், என்னிடம் சொல்லுங்கள்" என்று முன்வரலாம்.

இது வெறும் பேச்சு அன்று. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் ஆலோசனையை நம்பி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். "எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கியவருக்கு அதனாலேயே சட்டத்தின் துணை உண்டு. பிற்பாடு கடைக்காரர் கைவிரிக்காமல் இருக்க, மாடல் எண், ரேம், எஸ்எஸ்டி அளவு, உத்தரவாதக் காலம், என்ன வேலைக்கு என்பதையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில், "வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்" என்று கிளம்பிவிடலாம். 'இன்று மட்டும் இந்த விலை' என்ற பூச்சாண்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

தொழில்நுட்பக் கேள்வி ஒன்று கேட்பதானால், "இந்த பிராசசர் எந்த ஆண்டில் வந்தது?" என்று கேளுங்கள். பழைய ஐ7 பிராசசரைவிடப் புதிய ஐ5 வேகமாக இருப்பதுண்டு. பெரிய எண்ணைக் காட்டிப் பழைய சரக்கைத் தள்ளுவது இங்கேதான். மாணவருக்கு 8 ஜிபி ரேம் போதும். 16 இருந்தால் நல்லது. பணம் கட்டும் முன் கணினியை முடுக்கி, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' பகுதியைக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. (வாங்கியபின் மனம் மாறுவது வேறு கதை.) கடை இணங்காவிட்டால், 3 ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. கடைக்காரரும் பொதுவாக வழக்கறிஞரை அழைத்து வர முடியாது.