இராசராசன் செப்புப் படிமம்: கல்வெட்டு அளவைச் சொற்களின் பயன்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதனை எடுப்பித்த முதலாம் இராசராசனுக்கு அக்கோயிலில் வைக்கப்பெற்ற செப்புப் படிமமோ ஒரு முழத்திற்குச் சற்று மிகுந்த உயரமே உடையது. அப்படிமம் பற்றிய கல்வெட்டுச் சொற்கள் உணர்த்துவன எவை, அவற்றால் இன்று விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கோயிலில் ஸ்ரீகாரியம் செய்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 1014) வரை எழுந்தருளுவித்த படிமங்களை அங்குள்ள கல்வெட்டொன்று வரிசைப்படுத்துகிறது. நம்பி ஆரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் ஆகியோருடன் பெரிய பெருமாளும் ஒலோகமாதேவியாரும் அதில் இடம்பெறுகின்றனர். ‘பெரிய பெருமாள்’ என்னும் தொடர் இங்குத் திருமாலைச் சுட்டாது, இராசராசனையே சுட்டும். அவன் தேவியின் பெயர் உடன் வருவதே இதற்குச் சான்று. படிமத்திற்கு இரண்டு கைகளே கூறப்படுவதும் நோக்கத்தக்கது. மன்னன் தெய்வமாக அன்றி, அடியார் வரிசையில் ஓர் அடியவனாகவே நிறுத்தப்பெற்றான் எனலாம்.

இனி அளவைக் காண்போம். பெரிய பெருமாளின் உயரம் ஒரு முழம் நாலரை விரல். முழம் 24 விரல் ஆதலின் இது 28½ விரலாகும். ஒலோகமாதேவியாரின் உயரம் 22 விரல் 2 தோரை. விரல் 8 தோரை ஆதலின் இது 22¼ விரலாகும். ‘கனமாக’ என்னும் சொல், உள்ளே வெற்றிடமின்றித் திண்ணிதாக வார்த்ததைக் குறிக்கும். ‘பாதாதிகேசாந்தம்’ என்பது அடி முதல் தலைமயிரின் எல்லை வரை எனப் பொருள்படும். ஆகவே பீடம் இவ்வளவில் சேராது.

இச்சொல்லின் பொருள் இன்று வழக்கிற்குரிய ஒரு வினாவைத் தொடுகிறது. கோயிலிலிருந்து காணாமற்போனவை எனக் கொண்டு, அகமதாபாத்திலிருந்து மீட்கப்பெற்ற இரு படிமங்கள் 2018இல் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் உயரம் 74 செ.மீ., 53 செ.மீ. எனச் செய்திகள் வெளிவந்தன. பழைய விரல் எத்தனை செ.மீ. என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இரு உயரங்களின் விகிதம் விரலின் நீளத்தைச் சார்ந்ததன்று. கல்வெட்டின்படி அது ஏறத்தாழ 1.28, செய்திகளின்படி ஏறத்தாழ 1.40.

இவ்வேறுபாடு ஒன்றே அவை வேறு படிமங்கள் என மெய்ப்பித்துவிடாது. பீடமும் மகுடமும் சேர்த்து அளந்திருப்பின் விகிதம் மாறும். கல்வெட்டு கூறும் எல்லைகளுக்குள் இரண்டையும் அளந்து ஒப்பிடுவதே முறையாகும். அவ்வகையில், 1,000 ஆண்டுகளுக்கு முன் பொறித்த ஓர் அளவைச் சொல், படிமத்தை அடையாளங்காணும் கருவியாக இன்றும் நின்று பயன்தருகிறது.