மொட்டை மாடிக்கு டைல்ஸ்: முதலில் ஒழுக்கைப் பாருங்கள்

2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதைக் கோரிமேட்டு வணிகர்களாகிய நாம் மறக்க மாட்டோம். மொட்டை மாடிக்குக் கீழே அரிசி, பருப்பு மூட்டைகளை அடுக்கும் நமக்கு ஒரு சொட்டு ஒழுக்கும் நஷ்டமே.

இப்போது மாடியில் போர்சலைன் டைல்ஸ் பதிக்கிறோம். இது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. ஆனால் டைல்ஸ் இடுக்கு வழியே நீர் இறங்கும். எனவே முதலில் விரிசலை அடைத்து, 10 அடிக்கு 1½ அங்குலம் வாட்டம் கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு நாள் நீர் தேக்கிப் பார்க்க வேண்டும். இந்த டைல்ஸில் வெறும் சிமெண்ட் பால் சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் பசையே ஏற்றது. வெயிலில் விரிய இடைவெளி தேவை. வழுக்காத சொரசொரப்பு ரகமே நல்லது.

டைல்ஸ் விலையைக் கேட்குமுன், அடியில் செய்யும் வேலைக்கு எவ்வளவு என்று கொத்தனாரிடம் கேட்போம். நம் சரக்கைக் காப்பது அந்த வேலைதான்.