பின்னைக் கழற்று, பெயரை விட்டுவிடு

பழைய முத்து காமிக்ஸ் ஒன்றை நடுப்பக்கத்தில் விரித்து, அதன் இரண்டு ஸ்டேப்ளர் பின்களையும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நாற்பது வருடம் பரணில் கிடந்த இதழ் என்றால், பின் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பொருக்குதான் மிச்சம் இருக்கும். அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். வளையத்துக்குள் இருக்கும் காகிதம் விரல் பட்டால் தூளாகும். அரை அங்குலம் தள்ளிப்போனால் அதே தாள் இன்னும் வளைந்து கொடுக்கிறது.

துரு என்றால் இரும்பின் பிரச்சினை என்றுதான் நினைக்கிறோம். காகிதத்துக்கும் அது எமன்தான். துருவிலிருந்து கசியும் இரும்பு அயனிகள் தாளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, காகிதத்தின் உடம்பான செல்லுலோஸ் சங்கிலிகளைக் கண்ட இடத்தில் வெட்டவைக்கின்றன. வடசென்னையில் இந்த வேலைக்குக் கடலும் கைகொடுக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 35 சதவீதத்தை எட்டினாலே அது நீரை இழுத்துக் கரைந்துவிடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஈரப்பதம் 35-க்குக் கீழே இறங்குகிற நாள் வருடத்தில் அபூர்வம். ஆகவே பின்னின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பகுதியில் பழைய காமிக்ஸ் வைத்திருக்கும் எவருக்கும் ஒருநாள் அந்தக் கேள்வி வரும்: இதைச் சரிசெய்து புதுசு போல ஆக்குவதா, இருக்கிறபடியே காப்பாற்றுவதா?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பணம்தான் பதில் சொல்கிறது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938-ஆம் ஆண்டின் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அன்று 10 சென்ட். நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு பிரதி 2014-இல் 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அங்கே இதழ்களுக்கு மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் சிஜிசி நிறுவனம், நிறம் தீட்டியோ துண்டு ஒட்டியோ செப்பனிட்ட பிரதிக்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டிவிடும். ஊதா என்றாலே விலை சரியும். கிழிந்த அட்டையோடு இருக்கும் யோக்கியமான பிரதியை, மேக்கப் போட்ட பிரதியைவிட நம்பி வாங்குகிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. சிவகாசியில் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டு தினத்தந்தி குழுமம் கொண்டுவந்த ராணி காமிக்ஸ் எல்லாம் சில்லறைக் காசுக்குக் கடையில் தொங்கியவை. படித்து முடித்ததும் கைமாற்றி, மழையில் நனைத்து, கடைசியில் எடைக்குப் போடத்தான் அவை இருந்தன. பழைய புத்தகத்தின் சரணாலயமாக இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது இப்படிப்பட்ட எத்தனை அடுக்குகள் சாம்பலாயினவோ. அந்தக் கதைகளில் பல இன்று வழவழப்பான தாளில், நல்ல அச்சில் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. மாயாவியின் கதைதான் வேண்டும் என்றால் மறுபதிப்பே மேல். அப்படியானால் பழைய பிரதியில் மட்டும் இருப்பது என்ன?

வாடகை நூலகத்தின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப் அதில் இருக்கிறது. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால், எழுத்துப் பிழையோடு, வகுப்பும் பிரிவும் சேர்த்து எழுதிய ஒரு பையனின் பெயர் இருக்கிறது. குறுக்கெழுத்துக் கட்டத்தில் பாதி நிரப்பிய விடை இருக்கிறது. 'புதுசு போல' ஆக்குகிறவர் முதலில் கைவைப்பது இவற்றின் மேல்தான். மறுபதிப்பில் கிடைக்காத ஒன்றே ஒன்றை அழித்துவிட்டு, மறுபதிப்பில் கிடைப்பதையே நம் கையில் திருப்பித் தருவார். இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை.

அதற்காக எதையும் தொடாமல் இருந்துவிடவும் முடியாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சேதம் நின்றுவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? கிழிசல், மடிப்பு, பேனாக் கிறுக்கல், டீக்கறை எல்லாம் நடந்து முடிந்தவை. அவற்றை விட்டுவிடலாம். துருப்பிடிக்கும் பின், பூஞ்சை, செல்லோடேப், பழைய பைண்டிங் பசை ஆகியவை இன்றிரவும் வேலை செய்துகொண்டிருக்கும். அவற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பின்னைக் கழற்ற நடுப்பக்கத்தை விரித்து, மடங்கிய இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நெம்பி நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே தள்ள வேண்டும். அலுவலகத்தில் பின் பிடுங்கும் கிளிப்பை இதற்குப் பயன்படுத்தினால் காகிதமும் கூடவே வரும். அதே துளைகளில் பருத்தி நூல் கோத்து முடிச்சிட்டால் போதும்.

செல்லோடேப் விவகாரம் இன்னும் மோசம். அதன் பழைய ரப்பர் பசை சில வருடங்களில் எண்ணெய் போல இளகித் தாளுக்குள் ஊறும். பிறகு பழுப்பாகி இறுகும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிட, கறை மட்டும் நிரந்தரமாகத் தங்கும். இளகிய கட்டத்திலேயே எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். கிழிசலை ஒட்டியே தீரவேண்டும் என்றால் காப்பாளர்கள் கையாளுவது ஜப்பானிய டிஷ்யூ தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். தண்ணீர் தொட்டால் பிரிந்துவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. நாளைக்கு நம்மைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வந்து நாம் செய்ததைப் பிரிக்க வேண்டியிருக்கலாம்.

நம் பைண்டர்களின் மைதா பசையும் தண்ணீருக்குப் பிரியும். ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். ராமபாணப் பூச்சியை அது விரட்டும்தான். கூடவே அமிலத்தன்மையைக் கொண்டுவரும், செம்பு அயனி இரும்பைப் போலவே செல்லுலோஸை அறுக்கவும் செய்யும். பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து ஓரம் வெட்டி காலிகோ ஒட்டிய அந்தக் காலத்து பைண்டிங், இதழ்களைத் தொலையாமல் காத்தது என்பதும் உண்மை. அதைப் பிரித்துத் தனித்தனி இதழாக்குகிறேன் என்று கிளம்புவோரைக் கண்டால் எனக்குப் பயம். வெட்டிய ஓரம் திரும்ப முளைக்காது. பைண்டிங் பசையை எடுக்க வேண்டும் என்ற விதிக்கு இது விலக்கு: முதுகு உறுதியாக இருந்தால் தொகுப்பாகவே இருக்கட்டும்.

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். கடைகளில் செய்யும் சூடான பிளாஸ்டிக் ஒட்டை எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. காப்பகங்களே இதில் சூடுபட்டிருக்கின்றன. 1950-களில் டெல்லியின் தேசிய ஆவணக் காப்பகம் இயந்திரமே தேவைப்படாத ஒரு முறையை உருவாக்கியது. நைந்த தாளின் மேல் செல்லுலோஸ் அசிடேட் படலம், அதன் மேல் டிஷ்யூ, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரு தேய்ப்பு. மலிவு, எளிது, மின்சாரமும் வேண்டாம் என்பதால் பரவியது. ஆனால் செல்லுலோஸ் அசிடேட் முதுமையில் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். பழைய சினிமா ஃபிலிம் சுருளைத் திறந்தால் அடிக்கும் வினிகர் வாடை அதுதான். காப்பதற்குப் போர்த்திய போர்வையே அமிலம் சொட்டியது.

அமிலம் என்றால் காமிக்ஸ் தாளுக்குள்ளேயே தேவைக்கு மேல் இருக்கிறது. செய்தித்தாள் ரகக் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. லிக்னின் பிரியாமல் எடையில் கால்பங்கு வரைக்கும் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாவது இந்த லிக்னின்தான். மை பரவாமலிருக்கச் சேர்க்கும் படிகாரம் அமிலத்தை உண்டாக்க, அமிலம் செல்லுலோஸை உடைக்க, உடைந்த துண்டுகள் மேலும் அமிலத்தைத் தருகின்றன. 10 டிகிரி வெப்பம் கூடினால் இந்த வேகம் இரண்டு மடங்குக்கு மேலே போகும்.

இதன்மேல் எண்ணூர், மணலி காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும் வடசென்னை, வல்லூர் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்தில் கப்பல்கள், சாலை நெடுக கன்டெய்னர் லாரிகள். இவற்றின் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை ஈரக் காகிதம் உறிஞ்சிக் கந்தக அமிலமாக்கிக்கொள்கிறது. பழைய புத்தகத்தில் ஓரம் கரும்பழுப்பாகவும் நடு வெளிறியும் இருப்பதற்குக் காற்று ஓரத்தின் வழியாகத்தான் நுழைகிறது என்பதும் ஒரு காரணம்.

அமிலத்துக்கு மருந்து காரம் என்பது பள்ளிப் பாடம். சுண்ணாம்பு நீர், மெக்னீசியம் ஆக்சைடு இரண்டும் காப்பகங்களில் உண்மையிலேயே பயன்படுபவை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவை எடுத்து வீட்டில் முயன்று பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அட்டையின் சிவப்பு மை கலங்கி ஓடும், லிக்னின் காரத்தில் இன்னும் கறுக்கும், நனைந்த தாளைத் தூக்கும்போது பாதி கையோடு வரும். பிளீச்சிங் இதைவிடக் கேடு. சில மாதம் வெள்ளையாகத் தெரியும். செல்லுலோஸைத் தின்றுதான் அந்த வெள்ளை.

வாங்கும்போது ஏமாறாமலிருக்க ஒரு வழி உண்டு. கடைகளில் ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் அட்டையைக் காட்டுங்கள். இன்றைய வெள்ளைத் தாளில் கலக்கும் பளபளப்பு ரசாயனம் அந்த ஒளியில் நீலமாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். ஒட்டுப்போட்ட மூலை தனியாக மின்னும். ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிய இடமும் அநேகமாக வேறாகத் தெரியும்.

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளின் மேல் 1994-இல் எழுந்தது. அங்கே முதல் கவலை உள்ளடக்கம். ஆகவே மைக்ரோஃபிலிம், பிறகு டிஜிட்டல். வீட்டுச் சேகரிப்பாளரும் முதலில் செய்யவேண்டியது அதுதான். ஸ்கேனரில் கவிழ்த்து முதுகை அழுத்தாமல், பாதி திறந்த நிலையில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை இதழைப் புரட்ட வேண்டிய அவசியமே குறையும்.

மீதி எல்லாம் பெட்டியின் வேலை. காப்பகங்கள் நாடுவது 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும். வீட்டில் அது ஆகாது. இரவில் மட்டும் ஓடும் ஏசி ஈரப்பதத்தை ஏற்றி இறக்கித் தாளை இன்னும் அலைக்கழிக்கும். இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவும், நிறம் மாறினால் சூடுகாட்டி மறுபடி போடக்கூடிய சிலிக்கா ஜெல்லும் போதும். ஒவ்வொரு இதழும் பாலியஸ்டர் உறையில், பின்னால் அமிலமற்ற அட்டையோடு இருக்கட்டும். பிவிசி உறை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும், ஆகவே கூடாது. வசம்பும் பாச்சை உருண்டையும் பூச்சியோடு நிறுத்திக்கொள்ளும்; அமிலத்தை ஒன்றும் செய்யா.

டப்பாவைத் தரையில் வைக்கக் கூடாது என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது. சுவரில் எண்ணெய்க் கோடு எந்த உயரத்தில் நின்றதோ அதற்கு மேலே இருக்க வேண்டும் அலமாரி. அப்படியும் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்காதீர்கள், பக்கங்களைப் பிரிக்கவும் முயலாதீர்கள். பூஞ்சை பிடிக்க 48 மணி நேரம் போதும். அதற்குள், நல்ல தண்ணீரில் நனைந்த இதழ்களைத் தனித்தனிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, வஞ்சிரத் துண்டுகளைச் சற்று நகர்த்திவிட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்திருக்கும் வரை பூஞ்சை வளராது, மையும் ஓடாது. வீடு உலர்ந்த பிறகு, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து, உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து மின்விசிறியில் உலர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு இதழ் மட்டும்.